கார் ஸ்டீரியோவை மாற்றுகிறீர்களா? முதலில் அதன் முதுகைப் பாருங்கள்

மூன்று நாட்கள் ஓடாமல் நின்றால் நான்காம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாத ஒரு கார் என்னிடம் வந்தது. அதற்குள் அதன் பேட்டரி இருமுறை மாற்றப்பட்டிருந்தது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் ஒருவர் கழற்றிச் சோதித்துவிட்டார். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை இணைத்து, வண்டியைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் 380 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. நன்றாக இருக்கும் ஒரு கார் உறங்கும்போது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கக் கூடாது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியை 380 மில்லி ஆம்பியர் ஐந்தே நாட்களில் முழுதாக உறிஞ்சிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்ற மறுப்பதற்கோ அது முழுதாகத் தீர வேண்டியதில்லை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தபோது, ரேடியோவின் ஃப்யூஸை எடுத்ததும் மீட்டரின் எண் சட்டென்று இறங்கியது.

டேஷ்போர்டைத் திறந்ததும் விஷயம் விளங்கியது. கம்பெனி செட் பழுதான பிறகு வெளியில் வாங்கிப் பொருத்திய புதிய செட் அது. அதன் மஞ்சள் கம்பியும் சிவப்புக் கம்பியும் ஒன்றாக முறுக்கப்பட்டு, வண்டியின் ஒரே கம்பியில் சேர்க்கப்பட்டு, மேலே டேப் சுற்றப்பட்டிருந்தது. மஞ்சள் கம்பிக்கு எந்நேரமும் 12 வோல்ட் வர வேண்டும். செட்டின் நினைவகம் அதில்தான் பிழைத்திருக்கிறது. சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே வர வேண்டும்; செட் விழிப்பதும் உறங்குவதும் அதைப் பொறுத்தவை. இரண்டையும் ஒன்றாக்கினால் செட்டுக்கு இரவென்றும் பகலென்றும் தெரியாது. திரையை அணைத்துவிட்டாலும் உள்ளே அது விழித்துக்கொண்டேதான் இருக்கும்.

இதைச் செய்தவரை நான் முழுதாகக் குறை சொல்லவில்லை. அந்த வண்டியின் ரேடியோவுக்குப் பின்னால், சாவியோடு உயிர்பெறும் கம்பி என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை. இப்போதைய கார்கள் பலவற்றில், சாவி திரும்பிய செய்தியை ரேடியோவுக்குச் சொல்வது கேன் பஸ் எனப்படும் இரட்டைக் கம்பி. வண்டியின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி அது. கம்பெனி செட்டுக்கு அந்த மொழி தெரியும், வெளிச் செட்டுக்குத் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு இணைப்புப் பெட்டி வேண்டும், இல்லையென்றால் ஃப்யூஸ் பெட்டியில் சாவிக்குக் கட்டுப்பட்ட ஒரு முனையைத் தேடிப் பிடித்துத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டுக் கையில் கிடைத்த கம்பியில் முறுக்கியதுதான் பிழை. ஸ்டீரியோ மாற்றுபவர்கள் செட்டின் திரையையும் வாட்டையும் பார்த்து வாங்குகிறார்கள். என்னிடம் வரும் கோளாறுகளோ பெரும்பாலும் செட்டில் இருப்பதில்லை, செட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் கம்பியில்தான் இருக்கின்றன.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: கம்பெனி செட் உண்மையிலேயே பழுதா? பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில செட்டுகள் திருட்டுத் தடுப்புக்காக ரகசிய எண் கேட்டு நிற்கும். அதைப் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கக் கதவில் மட்டும் பாட்டு விட்டுவிட்டு வந்தால், கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் கம்பி முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்தக் கம்பி மடங்கி நிமிர்கிறது, என்றாவது ஒரு நாள் உள்ளேயே அறுந்துபோகும். செட்டின் பின்னால் இடது ஸ்பீக்கர் கம்பியை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பாருங்கள்: கோளாறு இடம் மாறினால் செட்டில் குறை, அதே கதவில் நின்றால் கம்பியிலோ ஸ்பீக்கரிலோ குறை. 4 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் மூன்றரை ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அதன் உள்ளேயிருக்கும் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைகளைச் செய்யாமல் புதிய செட் வாங்கியவர்கள், புதிய செட்டிலும் அதே கதவில் அதே கரகரப்பைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

செட் பழுதுதான் என்று உறுதியானால், அடுத்தது அளவு. சிங்கிள் டின் என்பது முகப்பில் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம், டபுள் டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். அதற்குப் பிறகு வந்த பெரிய திரைகளுக்கு அந்தந்த வண்டிக்கென்றே வார்த்த சட்டம் தேவை. ஆழத்தையும் அளந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் கம்பிக் கொத்துக்கும் இடம் வேண்டும். இடம் போதாமல் செட்டை அழுத்தித் தள்ளும்போதுதான் ஏதோ ஓர் உலோக விளிம்பில் கம்பியின் மேலுறை கிழிகிறது.

இணைப்பு விஷயத்தில் என் விதி ஒன்றே: வண்டியோடு வந்த கப்ளரை, அதாவது கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் செருகியை, வெட்டக் கூடாது. அந்தக் கப்ளருக்கு ஒருபுறமும் புதிய செட்டுக்கு மறுபுறமும் பொருந்தும் அடாப்டர் கம்பிக் கொத்துகள் பெரும்பாலான வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. வெட்டுவதால் வாரண்டி தொடர்பான வீண் வழக்கு வருவது ஒருபுறம் இருக்க, நாளை பழைய செட்டைத் திரும்பப் பொருத்த நினைத்தால் வழியில்லாமல் போகும். அடாப்டர் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு செருகிவிட முடியாது. ஐஎஸ்ஓ 10487 என்ற பொதுத் தரத்தின்படி மின்சாரக் கப்ளரில் நான்காம் முனை நிரந்தர 12 வோல்ட், ஏழாம் முனை சாவிக்குக் கட்டுப்பட்டது. சில தயாரிப்பாளர்களின் வண்டிகளில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால், சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் தன் நிலையங்களையும் நேரத்தையும் மறந்துவிடும். பலர் அதையும் செட்டின் குறை என்றே நினைக்கிறார்கள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் மாற்றினால் தீர்ந்துவிடும் வேலை அது. நிறத்தை நம்பலாமா என்றால், வெளிச் செட்டின் நிறங்களை ஓரளவு நம்பலாம்: கறுப்பு எர்த், வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, இவற்றில் கறுப்புக் கோடு ஓடினால் அது நெகட்டிவ். வண்டியின் கம்பி நிறங்களுக்கு அப்படிப் பொது வழக்கம் எதுவும் கிடையாது.

முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை இளகி வழிகிறது, டேப் தானாக அவிழ்கிறது, அதிர்வில் முறுக்கு தளர்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும். அவிழ்ந்த கம்பி உலோகத்தைத் தொட்டால் ஷார்ட். சரியான அளவுக் குழலில் கம்பியை இட்டு அதற்குரிய கருவியால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் உறையைப் போர்த்துவதே நான் ஏற்கும் இணைப்பு. இன்னொன்று: ஸ்பீக்கரின் நெகட்டிவ் கம்பியை வண்டியின் உடம்போடு எர்த் செய்துவிடக் கூடாது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு கம்பிகளுமே ஆம்ப்ளிஃபயரால் ஓட்டப்படுபவை. அதில் ஒன்றை உடம்போடு சேர்ப்பது செட்டின் வெளியீட்டுச் சிப்பை ஷார்ட் செய்வதற்குச் சமம்.

செட்டை எடுத்தால் அதோடு என்னென்ன போகும் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஸ்டீயரிங் பொத்தான்கள், ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சாரின் ஒலி, சில வண்டிகளில் சீட் பெல்ட் எச்சரிக்கை மணி கூட ரேடியோவின் வழியாகத்தான் வருகின்றன. எச்சரிக்கை மணியை இழப்பது இசையை இழப்பது போன்றதல்ல என்பதால், அதை மீட்டுத் தரும் இணைப்புப் பெட்டி அந்த வண்டிக்குக் கிடைக்காவிட்டால், பழைய செட்டையே பழுதுபார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். மோஸ்ட் எனப்படும் ஒளியிழை வளையத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், தொலைபேசிப் பெட்டி எல்லாவற்றையும் கோத்திருக்கும் வண்டிகளில், ஒன்றைப் பிடுங்கினால் வளையம் அறுந்து மற்றவையும் ஊமையாகிவிடும். ஆன்டெனா சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி தவறவிடுவது. ஆன்டெனாவின் அடியிலேயே சிறு பூஸ்டர் இருக்கும் வண்டியில், புதிய செட்டின் நீலக் கம்பியிலிருந்து அதற்கு 12 வோல்ட் கொடுக்காவிட்டால் எஃப்.எம். இரைந்துகொண்டே இருக்கும்.

டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சற்று நேரத்துக்கு மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் உறையிட்ட கம்பிகளும் மஞ்சள் கப்ளர்களும் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. செட்டின் மஞ்சள் கம்பி வேறு, இவை வேறு. இவற்றை மீட்டரால் கூடத் தொடாதீர்கள்.

இனி வாட் கணக்கு. பெட்டியின்மேல் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அந்த மின்னழுத்தத்தை முழுதாகப் பயன்படுத்தினாலும், 4 ஓம் ஸ்பீக்கரில் சிதையாத ஒலியாக ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் வெளியீட்டுக்கு, 26 வாட் என்பது கணக்கின் உச்சவரம்பு. சிப்புக்குள் போகும் இழப்பைக் கழித்தால் இருபது வாட் சுற்றிலும்தான் நிற்கும். கணக்கு பிடிக்காதவர்கள் செட்டின் முதுகிலுள்ள ஃப்யூஸைப் பார்க்கலாம். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 144 வாட். அதிலிருந்து 200 வாட் வெளியே வருவது எப்படி? ஆகவே இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்லும், ஆர்.எம்.எஸ். என்று குறித்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். ஒலி கூடுதலாக வேண்டும் என்பதற்காக ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோப்பவர்கள் உண்டு. செட்டுக்கு அது 2 ஓமாகத் தெரியும், சூடேறி ஒருநாள் அடங்கிவிடும்.

உண்மையான வலு வேண்டுமானால் தனி ஆம்ப்ளிஃபயர்தான். அங்கே ஆபத்தும் பெரிது. 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் 80 சதவீதத் திறனோடு இயங்கினாலும் 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இந்தக் கம்பியைச் செட்டின் பின்னாலிருந்து எடுக்க முடியாது. பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், அதன் ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே, அதிகம் போனால் 45 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை என்று நினைத்து அதை டிக்கியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அது காக்க வேண்டியது கம்பியை. பேட்டரிக்கும் டிக்கிக்கும் நடுவே எங்கேனும் அந்தக் கம்பி உரசிக் கிழிந்து உடம்பைத் தொட்டால், டிக்கியிலுள்ள ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. பேட்டரி தன்னிடமுள்ளது அத்தனையையும் அந்த ஓரிடத்தில் கொட்டும், வண்டி எரியும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதைப் போடுவதும் இதே முடிவுக்கு இன்னொரு பாதை. கம்பியிலும் ஏமாற்று உண்டு. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி வெளியே செம்பு போலவே மின்னும், ஆனால் அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ங்கீ’ என்ற இரைச்சல் வந்தால், முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயின்டைச் சுரண்டாமல் போல்ட்டை முடுக்கியிருப்பார்கள், அல்லது ஒலிக்கம்பியையும் மின்கம்பியையும் ஒரே பக்கமாகக் கட்டி இழுத்திருப்பார்கள்.

கதவு ஸ்பீக்கரை மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் காப்பது அந்தத் தாள்தான். திருகுவதற்கு முன் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி வலுவிழந்து கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரின் கம்பிகள் தலைகீழாக இருக்கக்கூடும். ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டால், பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேரும்போது கூம்பு முன்னே துள்ள வேண்டும்.

திரையுள்ள செட்டுகளில் கைப்பிரேக் கம்பி என்று ஒன்று வரும். வண்டி நிற்கும்போது மட்டும் படம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த பூட்டு அது. அதை நேராக எர்த்தில் சேர்த்துப் பூட்டை உடைத்துத் தரும்படி கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. இதனால் சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், போகட்டும்.

வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துச் செல்லும் முன் மீட்டரை வைத்து உறக்க மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் 10 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும், கதவுகள் பூட்டியிருக்க வேண்டும், கணினிகள் உறங்க இருபது முதல் நாற்பது நிமிடம்வரை பொறுக்க வேண்டும்; அந்நேரத்தில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். நான் முதலில் சொன்ன காரில் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்துச் சிவப்பை அதில் சேர்த்த பிறகு எண் 22 மில்லி ஆம்பியரில் நின்றது. அந்த வேலைக்கு அரைமணி நேரம் கூட ஆகவில்லை. வெட்டி எறியப்பட்ட பழைய கப்ளருக்குப் பதில் ஒன்றைத் தேடிப்பிடித்து, பதினாறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு சேர்க்கத்தான் மீதி நாள் முழுவதும் போனது.