சேர்வராயன் மலையில் குழந்தையின் தண்ணீரும் சத்துமாவும்: எதை, யாரிடம் கேட்பது?

ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூர். அங்கன்வாடி ஜன்னலில் ஒரு சின்னக் குப்பி நின்றது. கிருமியைக் காட்டும் சோதனை மருந்து உள்ள அந்தக் குப்பியில் முந்தைய நாள் காலையில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்திருந்தார்கள். பிடித்தபோது பளிங்குபோல் இருந்த தண்ணீர், மறுநாள் மை கரைத்ததுபோல் கறுத்துக் கிடந்தது. மலக்கழிவின் கிருமி அதில் இருக்கிறது என்று பொருள்.

அதே அறையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு எடை பார்த்தார்கள். மூன்று மாதமாக அட்டையில் கோடு ஏறவே இல்லை. “சத்துமாவு தவறாமல் கொடுக்கிறேன். இடையிடையே பேதி போகிறது, பல் முளைக்கிற பேதிதான்” என்றார் தாய். மாவை எந்தத் தண்ணீரில் பிசைகிறீர்கள் என்று கேட்டேன். ஊற்றுத் தண்ணீரைக் காட்டினார். காய்ச்சுவதில்லை.

அரசு கொடுக்கும் மாவு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் பிசையும் தண்ணீர் வேறொரு அலுவலகத்தின் பொறுப்பு. உணவு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம். தண்ணீர், ஊராட்சியிடமும் குடிநீர் வடிகால் வாரியத்திடமும். குழந்தையின் வயிற்றுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. சட்டமும் அப்படிப் பிரிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாததால்தான் இதை எழுதுகிறேன்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. ரேஷன் அரிசிக்கான சட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் ஐந்தாவது பிரிவு குழந்தைகளுக்கானது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் வயதுக்கேற்ற உணவை அங்கன்வாடி இலவசமாகக் கொடுக்க வேண்டும். அளவும் சட்டத்திலேயே இருக்கிறது; 2023-இல் அதைத் திருத்தினார்கள். 2013-இல் வைத்த அளவு, குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தாய்மார்களுக்கும் 600 கிலோ கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். உரிய உணவு வந்து சேராவிட்டால் அதற்கு ஈடாக உதவித்தொகை தர வேண்டும் என்கிறது எட்டாவது பிரிவு. அதே ஐந்தாவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சமைக்க வசதி, குடிநீர், கழிப்பிடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சோறும் தண்ணீரும் ஒரே வரியில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த உரிமை சத்துமாவாகவும், சூடான மதிய உணவாகவும், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் மூன்று முட்டையாகவும் வருகிறது. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுக்கும் மாவுக்கு முக அடையாளப் பதிவு வேண்டும் என்று ஆகியிருக்கிறது. குழந்தைக்கு ஆதார் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. தாயின் ஆதாரே போதும்.

மெலிந்த குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. மேல்கையின் நடுப்பகுதியில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அதற்கு மேல் 12.5 வரை நடுத்தரம். இரண்டு பாதமும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தால் நாடாவுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் 2022 மே 21 அன்று உதகையில் தொடங்கப்பட்டது. இதில் ஆறு மாதத்துக்குக் குறைந்த மெலிந்த குழந்தையின் தாய்க்கு நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக் எல்லாம் அடங்கிய பெட்டகம் கொடுக்கிறார்கள். அந்த வயதுக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு; அதனால் தாய்க்கு ஊட்டுகிறார்கள். மிகச் சரியான யோசனை. பெரிய குழந்தைகளை மருத்துவர் பரிசோதித்து, தேவையானால் சிறப்பு ஊட்டச்சத்து உணவு தருவார்கள்.

இனி தண்ணீர். மத்திய அரசின் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் மிஷன் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. பிறகு 2028 வரை நீட்டிக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதுவும் குடிக்கத் தக்க தரத்தில். ஊருக்குள் செய்யும் பணிக்கு மக்கள் பங்கு சமவெளியில் பத்து சதவீதம். மலைப் பகுதிக்கும், பழங்குடியினர் பாதிக்கு மேல் இருக்கும் ஊர்களுக்கும் ஐந்து சதவீதம்தான். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்கள் இரண்டு வகையிலும் இதில் அடங்கும். பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை, உடல் உழைப்பாகவும் தரலாம்.

குழாய் வந்துவிட்டது என்று பெயர்ப்பலகை நிற்கும் ஊர்களிலும் பெண்கள் ஊற்றுக்கே குடம் எடுத்துப் போவதைப் பார்க்கிறேன். மருந்து வாடை அடிக்கிறது என்கிறார்கள். அந்த வாடைதான் கிருமியைக் கொல்லும் குளோரின். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். பிடித்து ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் வாடை குறைந்துவிடும். இதை வீடு வீடாகச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு மனத்தாங்கல்.

சோதனை ஒன்றும் மர்மமான விஷயம் அல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தந்து, களச் சோதனைப் பெட்டியை அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஜன்னலில் கறுத்த குப்பி அதோடு சேர்ந்ததுதான். குடிநீர் ஆதாரங்களில் ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனச் சோதனை, இரண்டு முறை கிருமிச் சோதனை நடக்க வேண்டும். கீழே சேலம் சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு கவலை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது, காய்ச்சினாலும் போகாது. மேலே மலையில் முதல் கவலை கிருமிதான். மழை பெய்து ஓடை கலங்கிய நாட்களில் அது கூடும். ஆனால் கொதிக்க வைத்தால் செத்துவிடும். நன்றாகக் கொப்புளித்துக் கொதித்த பிறகு ஆறவைத்து, மூடி வைத்து, கையை விடாமல் கரண்டியால் மொண்டு மாவைப் பிசையுங்கள்.

பேதி வந்துவிட்டால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. பேதி நின்றாலும் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. அந்த வயதில் குழந்தை கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, அதனால் வருகிறது.

ஊர்கள் சிதறிக் கிடக்கும் மலையில் இன்னொரு சிக்கல், அங்கன்வாடியே எட்டாத தூரத்தில் இருப்பது. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு விதி தளர்வானது: 300 பேர் இருந்தால் ஒரு மையம், 150 முதல் 300 பேர் வரை குறு மையம். ஆறு வயதுக்கு உட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத ஊர், கேட்ட மூன்று மாதத்துக்குள் பெற உரிமை உண்டு என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே குடிநீர் தருவது தோட்ட முதலாளியின் கடமை.

கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். மார்ச் 22 உலக தண்ணீர் தினம். சோதனை அறிக்கையைச் சபையில் வாசிக்கக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். முதலில் 1100 என்ற எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. “எங்கள் அங்கன்வாடிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 5(2)-இன்படி பாதுகாப்பான குடிநீர் வேண்டும், எங்கள் தண்ணீரின் கடைசிச் சோதனை அறிக்கையைத் தர வேண்டும்” என்ற இரண்டு வரி போதும். ஒரு படியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், மற்றொன்றைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். அந்த நகலைத் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த மாதம் எடை பார்க்கப் போகும்போது இரண்டும் கையில் இருக்கும்.