விண்ணப்பிக்காமலே ‘தேர்வான’ பிள்ளை

கோவையில் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். பொங்கல் முடிந்துவிட்டால் போதும், கையில் ஒரு மின்னஞ்சலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், கோட்டு போட்ட பிள்ளைகளின் படம், பள்ளி மாணவர்களுக்கான ஆன்லைன் கோடைகால பிசினஸ் வகுப்பு, கீழே டாலரில் கட்டணம்.

போன மார்ச் கடைசியில் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பதினொன்றில் காமர்ஸ் என்று முடிவாகிவிட்டது.

“பாப்பாவுக்கு செலக்‌ஷன் ஆயிருக்குதுங்க சார். ஒன்றரை லட்சம் வருது. கட்டலாங்களா?”

“அப்ளை பண்ணினியாம்மா?” என்று கேட்டேன். அவள் மேசையைப் பார்த்தாள். ஏதோ ஒரு ஆன்லைன் குவிஸில் சேர மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். விண்ணப்பமே போடாத பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது யார்? அந்த மின்னஞ்சல் ஒரு விளம்பரம். அதைத் தப்பென்று சொல்லவில்லை. அதை அட்மிஷன் கடிதம் மாதிரி மடித்து பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வகுப்புகள் புதிதல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடையில் காலியாகக் கிடக்கும் வளாகத்தில் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துப் பாடம் நடத்துவது வெகுகாலப் பழக்கம். 2020இல் கொரோனா வந்து விடுதிகளை மூடியதும் பலவும் ஆன்லைனுக்குப் போயின. நோய் தணிந்த பிறகும் ஆன்லைன் பிரிவு நிலைத்துவிட்டது. விசா வேண்டாம், விமானம் வேண்டாம். கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கி சில ஆயிரம் டாலர் வரை போகும்.

முதலில் பார்க்க வேண்டியது, நடத்துவது யார் என்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் போன்ற சில பிசினஸ் கல்லூரிகள் தாங்களே நடத்துகின்றன. வேறு பல வகுப்புகளை நடத்துவது தனியார் கம்பெனிகள். வளாகத்தை வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அல்லது அங்கே படித்த நாலு பேரை ஆசிரியராக வைத்திருப்பார்கள். பெயர் மட்டும் நோட்டீஸில் பெரிதாக இருக்கும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் மண்டபத்துக்கே முதலாளி ஆகிவிட மாட்டார் அல்லவா? இணைய முகவரி எதில் முடிகிறது, பணம் யார் கணக்குக்குப் போகிறது, சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்தது, எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி: “இதில் சேர்ந்தால் அந்தக் காலேஜில் சீட் கிடைக்குமா?” கிடைக்காது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் கேள்வி பதில் பக்கத்திலேயே, இதில் கலந்துகொள்வது சேர்க்கைக்கு உத்தரவாதம் ஆகாது என்று எழுதி வைத்திருக்கின்றன. நம் ஆட்கள் அதுவரை ஸ்க்ரோல் செய்வதில்லை. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே பிள்ளை செய்த செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான், அதுவும் இடைவெளியெல்லாம் சேர்த்து. ‘ஆன்லைன் பிசினஸ் வகுப்பு, இரண்டு வாரம்’ என்று எழுதிவிட்டால் மீதி இடத்தில் எழுத என்ன இருக்கும்? எதையாவது செய்த பிள்ளைக்கு அந்த இடம் போதாது. பணம் மட்டும் கட்டிய பிள்ளைக்கு அதை நிரப்பவே முடியாது.

இந்தியாவிலேயே படிக்கப் போகிற பிள்ளை என்றால் பேச்சே வேறு. ஐஐஎம் இந்தூரின் ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்புக்கு ஐபிமேட் நுழைவுத் தேர்வு, டெல்லிப் பல்கலைக்கழக பி.காமுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு, நம்மூர் கலைக் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மார்க். நேர்முகத்தில் பேச ஒரு விஷயம் கிடைக்கலாம். நுழைவுத் தேர்விலோ கட்ஆஃபிலோ இந்தச் சான்றிதழுக்கு ஒரு மார்க்கும் இல்லை.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நான் சூடுபட்ட கதை ஒன்று இருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஒரு வகுப்பை நானே இரண்டு மாணவர்களுக்குப் பரிந்துரைத்தேன். பெயர் நல்ல பெயர், பாடத்திட்டமும் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. முடிந்ததும் இருவரும் தங்கள் பிசினஸ் பிளானுக்கு வந்த மதிப்பீட்டை எனக்கு அனுப்பினார்கள். ஒருத்தி சிறுதானிய நொறுக்குத்தீனி பற்றி எழுதியிருந்தாள். இன்னொருவன் எழுதியது பழைய சைக்கிள்களை வாடகைக்கு விடுவது பற்றி. வந்த மதிப்பீடோ வரிக்கு வரி ஒன்று: ‘அருமையான சிந்தனை, உங்கள் வாடிக்கையாளரை இன்னும் தெளிவாக வரையறுங்கள்.’ யாரும் படிக்கவே இல்லை. பாடங்கள் முக்கால்வாசி முன்பே பதிவுசெய்த வீடியோ. நேரலை என்று சொன்னதிலும் ஒரே ஜூம் அறையில் அறுபது எழுபது பேர். இரண்டு குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்டேன். பணத்தைத் திருப்பி வாங்க முடியவில்லை. முன்பணம் திரும்பாது என்ற வரி அங்கேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை எழுதியதை ஒரு மனுஷர் உட்கார்ந்து படித்து, பதில் சொல்வாரா? பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. 2013இல் பொருளாதார நோபல் பெற்ற ராபர்ட் ஷில்லர் யேல் பல்கலைக்கழகத்தில் நிதிச் சந்தை பற்றி நடத்திய வகுப்புகள் முழுவதும் ஓப்பன் யேல் கோர்ஸஸில் இருக்கின்றன. எம்ஐடியின் பாடங்கள் இருக்கின்றன. நம் ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடிஇஎல் இருக்கிறது; படிக்கக் காசில்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். வீடியோவுக்கு ஒன்றரை லட்சம் என்பது அநியாயம். வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரோடு சண்டை போட்டு ஒரு திட்டம் எழுதி, அதை ஒரு பேராசிரியர் பிய்த்து எடுப்பதற்கு அந்தப் பணத்தைக் கொடுத்தால் ஒருவேளை தகும்.

நேரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30. அங்கே பிற்பகல் 2 மணி வகுப்பு நமக்கு 11.30. அவர்களுக்குத்தான் ஜூன், ஜூலை விடுமுறை. நம் பிள்ளைகள் அந்நேரம் பள்ளியில். மறுநாள் காலை எட்டேகாலுக்கு வேன் வந்துவிடும். பதினொன்றில் சமாளிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாட் தேர்வு, நவம்பர் 1இல் முதல் விண்ணப்பக் கெடு, நடுவே பள்ளித் தேர்வுகள்.

வகுப்புக்கு கிரெடிட் (கல்லூரிப் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பு) உள்ளதா இல்லாததா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. கிரெடிட் உண்டென்றால் கல்லூரிப் பாடத்துக்கு உண்டான கிரேடு போடுவார்கள், அது ஆவணத்தில் நிற்கும். இரண்டு வருடம் கழித்து விண்ணப்பிக்கும்போது அந்தக் கல்லூரி கேட்டால் காட்டியாக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வாங்கிய ‘சி’ கூடவே வரும். கார்டில் கட்டுகிறவர்கள் கட்டணத்தோடு டாலராக மாற்றுவதற்கு வங்கி போடும் கூடுதல் கட்டணமான அந்நியச் செலாவணி மார்க்அப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை போகும், அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு.

திருப்பூர் பாப்பாவுக்கு வருகிறேன். அப்பாவை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு, “யூனிட்ல உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டேன். சனிக்கிழமை சம்பளக் கவர் போடுவது அவள் வேலையாம். சில சனிக்கிழமை அப்பா யாரிடமோ போய்ப் பணம் வாங்கி வந்துதான் கவர் நிரம்புமாம். “ஆர்டர் நிறைய இருக்குதுங்க சார். ஆனா கையில காசு இல்ல. அது எப்படீங்க?” என்றாள்.

பிசினஸ் படிக்க இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியாது. வந்த மின்னஞ்சலை ஓரமாக வைத்தோம். அவளையே மூன்று நிறுவனங்களுக்கு எழுதச் சொன்னேன்: ஒரு குழுவில் எத்தனை பேர், நேரலை எத்தனை மணி நேரம், என் எழுத்தை யார் படிப்பார்? ‘செலக்‌ஷன்’ அனுப்பிய இடத்திலிருந்து கட்டண லிங்க்தான் திரும்ப வந்தது. இன்னொன்று பதிலே போடவில்லை. மூன்றாவது ஒரு சிறிய பல்கலைக்கழகம். வீட்டில் யாரும் அதன் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. வகுப்பு நடத்துகிறவரே போன வருட அட்டவணையை இணைத்துப் பதில் எழுதியிருந்தார். குழுவுக்கு ஆறு பேர். கட்டணம் பாதிக்கும் கீழே. அப்பாவுக்கு மனசில்லை. “பேர் சொன்னா யாருக்கும் தெரியாதுங்களே சார்” என்றார். இரண்டு நாள் யோசித்துக் கட்டினார்.

ஜூலை நடுவில் அவரிடமிருந்து போன். வகுப்பில் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், பற்றி நடத்தியிருக்கிறார்கள். இவள் யூனிட்டின் பில் புத்தகத்தை எடுத்துவைத்து ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை நாளில் பணம் தந்தது என்று எக்செல்லில் போட்டிருக்கிறாள். பாதிக்கு மேல் 90 நாளைத் தாண்டியவை. போதாதற்கு, சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராத கம்பெனி, பணத்தைக் கொடுத்த பிறகுதான் அந்தச் செலவை வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதியையும் எங்கேயோ படித்துவிட்டாள்.

“‘ஏப்பா கேக்க மாட்டேங்கறீங்க’ங்கறா சார். கேட்டா அடுத்த ஆர்டர் வராதுன்னு அவளுக்கு எப்படீங்க சொல்றது?”

“அதையும் அந்த வாத்தியார்கிட்டயே கேக்கச் சொல்லுங்க” என்றேன்.

கேட்டிருக்கிறாள். அன்று ராத்திரி வகுப்பு அரை மணி நேரம் நீண்டதாம்.