பின்னூட்டமும் பொதியிழப்பும்

பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரத்தைத் தாண்டினால் கேரளம். அந்த எல்லையோரத் தோப்பில் மாமா தண்ணீர்த் தொட்டியில் ஓர் உணரி (சென்சார்) வைத்திருக்கிறார். தொட்டி நிறைந்ததும் அது சிம் கார்டு வழியாகக் கிணற்றடி ஸ்டார்ட்டருக்குச் செய்தி அனுப்பும், மோட்டார் நின்றுவிடும். போன கோடையில் ஒரு ராத்திரி நிற்கவில்லை. விடிகாலையில் போய்ப் பார்த்தால், தொட்டி விளிம்பில் வழிந்த தண்ணீரில் ஏழெட்டுத் தென்னையின் வட்டப்பாத்தி சேறாகிக் கிடந்தது. "மெசேஜே வர்லீங்க தம்பி" என்றார் தோப்பைப் பார்த்துக்கொள்பவர். உணரி அனுப்பியிருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதலாவது ஃபீட்பேக். 1920-களின் வானொலிச் சுற்றுகளோடு புழக்கத்துக்கு வந்த சொல். பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையரின்) வெளியீட்டில் ஒரு பங்கை அதன் உள்ளீட்டுக்கே திரும்ப ஊட்டுவதைக் குறித்தது. 1927 ஆகஸ்ட் 2 அன்று பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் படகில் செய்தித்தாள் மேலேயே எதிர்ப்பின்னூட்டப் பெருக்கியை, அதாவது திரும்ப ஊட்டும் பங்கை உள்ளீட்டிலிருந்து கழிக்கும் பெருக்கியை, வரைந்துவிட்டார். சொல்லுக்கு முன்பே செயல் இருந்தது: 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினின் வேகத்தைச் சுழல்குண்டுகளால் தானாகக் கட்டுப்படுத்தினார்.

தமிழில் பின்னூட்டம். சோறு ஊட்டுகிறோமே, அந்த ஊட்டுதான். மிகப் பொருத்தமான ஆக்கம். கூட்டம் முடிந்து கேட்கிற அபிப்பிராயத்துக்கும் இதையே சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அங்கே கருத்து என்றாலே போதும். வெளியே நடந்தது திரும்ப உள்ளே போய் அடுத்த செயலை மாற்றினால்தான் பின்னூட்டம்.

இரண்டாவது பாக்கெட். செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி வைத்து அனுப்பும் முறையில், அந்தத் துண்டுக்கு 1960-களில் இந்தப் பெயரை வைத்தவர் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ். தமிழில் பொட்டலம், சிப்பம், பொதி மூன்றும் புழங்குகின்றன. நான் பொதி என்பேன். பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுவது. பொதிமாடு சுமப்பதும் பொதி. உறை, சுமை இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வாழையிலையில் கட்டித் தரும் சாப்பாடு இன்றும் பொதிச்சோறுதான். இரண்டு பக்கமும் புரிகிற சொல். ஆகவே பாக்கெட் லாஸ் என்பதற்குப் பொதியிழப்பு.

சாதாரண உரையாடலில் பொதி தொலைந்தால் திரும்ப அனுப்பலாம். கட்டுப்பாட்டில் தாமதமாக வரும் பொதி பழைய நிலையைத்தான் சொல்லும்; அதற்குள் தொட்டி வழிந்திருக்கும். எவ்வளவு இழப்பைத் தாங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு பொதி வரவேண்டிய நேரத்தை ஒரு தவணை என்று வைத்துக்கொண்டு, கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு தவணைக்கும் பிசகு 2 மடங்காகும் எளிய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தொலைந்தால், இழப்பு 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரைதான் பிசகின் வர்க்கச் சராசரி கட்டுக்குள் நிற்கும். பிசகு 3 மடங்கானால் இந்த வரம்பு ஒன்பதில் ஒன்று. வேகமாகக் கெடும் அமைப்புக்குப் பொறுமை குறைவு.

பொதி வராத தவணையில் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். அல்லது கட்டளையைச் சுழியாக்கிவிடலாம். மாமாவின் ஸ்டார்ட்டர் முதல் வகை. ஓடு என்றார்கள், விடிய விடிய ஓடிவிட்டது.

இப்போது மாற்றியிருக்கிறோம். தொட்டி நிறையும்வரை உணரி 5 நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் நிறையல" என்று பொதி அனுப்புகிறது. தொடர்ந்து 3 பொதி வராவிட்டால் மோட்டார் தானே நிற்கிறது. சிக்னல் சரியில்லாத நாளில் தொட்டி பாதியோடு நின்றுவிடும், தோப்பைப் பார்த்துக்கொள்பவர் நடந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார்.