கை உதறுவதை ஏன் நிறுத்தச் சொல்லக்கூடாது?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு) உண்டு. மாரியம்மன் நோம்பியில் பம்பையும் உறுமியும் முழங்கத் தொடங்கியதும் பையன் இரண்டு கைகளையும் படபடவென்று உதறிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்துவிட்டானாம். கையைப் பிடித்து வைக்கச் சொன்னார் ஒரு உறவுக்காரர். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார் இன்னொருவர். "ஏனுங்க, இதை நிறுத்தியே ஆகணுங்களா?" என்று கேட்கிறார் அந்த அம்மா.

நிறுத்த வேண்டியதில்லைங்க. அந்த அசைவு அவனுக்கு ஒரு வேலை செய்து கொடுக்கிறது.

உடம்பை ஆட்டுவது, கை உதறுவது, விரல்களைக் கண்முன் சுழற்றுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்து 'ஸ்டிம்மிங்' என்கிறார்கள். நாம் எல்லோருமே கொஞ்சம் செய்வதுதான். பரீட்சை ஹாலில் காலாட்டாதவர் யார்? ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அடிக்கடி வரும், அழுத்தமாக வரும். அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தை அடையாளம் காட்டிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. அதற்குப் பிறகு பல காலம் மருத்துவ உலகம் இதை அடக்க வேண்டிய கோளாறாகவே பார்த்தது. 1960-களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஐவார் லோவாஸ் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துக்கூட நிறுத்தப் பார்த்தார். செய்கிறவர்களிடமே கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேட்டபோது கிடைத்த பதில் வேறு. 'ஆட்டிசம்' என்ற ஆய்விதழில் 2019-இல் வந்த ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டது. சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போதும், மனதுக்குள் பதற்றம் ஏறும்போதும் இந்த அசைவு தங்களை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது என்றார்கள் அவர்கள். சந்தோஷம் பொங்கும்போதும் இது வரும். இதை ஒழிப்பதற்கென்று செய்யும் சிகிச்சை வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள அமெரிக்கர் டெம்பிள் கிராண்டின் சிறுமியாக இருந்தபோது கடற்கரையில் மணலை விரல் வழியே ஒழுகவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். ஒவ்வொரு மணல் துகளின் வடிவத்தையும் பார்த்துக்கொண்டிருக்கையில் சுற்றியிருந்த சத்தம் மறைந்துபோகும் என்று எழுதியிருக்கிறார். அவர் பின்னாளில் மாடுகளின் நடத்தையை ஆராயும் விஞ்ஞானியானார். காங்கேயம் மாடு வளர்க்கிறவர்கள் அவர் எழுதியதைத் தேடிப் படிக்கலாம்.

சரி, கையை உதறினால் மனம் ஏன் அடங்க வேண்டும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தை, இமைக்கு மேலாக, விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். எதிரே உள்ள சுவர் லேசாக நகரும். இப்போது விரலை எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டுங்கள். விழித்திரையில் விழும் படம் முன்பைவிட அதிகமாக நகர்கிறது, ஆனால் சுவர் அப்படியே நிற்கிறது! கண் தசைக்கு 'நகரு' என்று உத்தரவு போடும்போதே மூளை அதற்கு ஒரு நகல் எடுத்து, பார்வையைக் கவனிக்கும் பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது. 'இவ்வளவு அசைவு வரும், அது நாம் செய்தது' என்ற முன்தகவல் அது. வந்த அசைவிலிருந்து அதைக் கழித்துவிட்டால் சுவர் நிற்கும். விரலால் அழுத்தும்போது கண் தசைக்கு உத்தரவே போகவில்லை. நகல் இல்லை, கழிக்க எதுவும் இல்லை, அதனால் சுவர் ஆடுகிறது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக் கூச்சம் காட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம். லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் 1990-களின் கடைசியில் இதைச் சோதித்தார்கள். உங்கள் ஒரு கையின் அசைவை ஒரு ரோபோ வாங்கி, உங்கள் மறு உள்ளங்கையிலேயே தடவிக் காட்டும். கூச்சம் குறைவாகவே இருக்கும். ரோபோ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று தாமதமாகத் தடவினால்? கூச்சம் ஏறிக்கொண்டே போகிறது! மூளை எதிர்பார்த்த நேரத்தில் வராத தொடுதல் அன்னியர் தொடுதலாகிவிடுகிறது. நேரம் வரை கணக்குப் பார்க்கும் இந்த நுட்பத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது ஆட்டிசத்துக்கு வருவோம். விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சோமனூரிலோ பல்லடத்திலோ அந்தச் சத்தம் கொஞ்ச நாளில் காதிலேயே விழாது. அடுத்த அடி எப்போது என்று மூளைக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் இந்த முன்கணிப்பு வேறு மாதிரி நடக்கிறது என்று பெலிகானோ, பர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் ஒரு கருதுகோள் வைத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கும் நம் நாட்டவர் பவன் சின்ஹாவும் 2014-இல் அதே திசையில் எழுதினார். ஒவ்வொரு அடியும் முதல் அடி போலவே வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? அந்த இரைச்சலுக்கு நடுவே, எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முழுக்கத் தெரிந்த ஒரே உணர்வு தானே உண்டாக்கிக்கொள்ளும் அசைவுதான். உத்தரவும் தன்னுடையது, நகலும் தன்னுடையது. பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்துவிடுகிறது. இது முடிந்த முடிவல்ல, ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதோடு அழகாகப் பொருந்துகிறது.

உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவது மனதை அடக்குவதில் உள்காதின் பங்கும் உண்டு. அங்கே கால்சியம் கார்பனேட் துகள்கள் நம் தலை சாய்வதையும் முன்பின் நகர்வதையும் அளக்கின்றன. நான்கு விநாடிக்கு ஒரு முறை மெல்ல ஆடும் கட்டிலில் பெரியவர்களும் ஆழ்ந்து தூங்குகிறார்கள் என்று ஜெனீவாவில் 2019-இல் காட்டினார்கள். அந்தத் துகள் உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டம் எந்தப் பலனும் தரவில்லை. ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடும் ஊர்க்காரர்களுக்கு ஆட்டத்தின் சுகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அடக்கி வைத்தால் என்ன ஆகும்? பள்ளியிலும் வேலையிலும் அடக்கிப் பழகியவர்கள், கவனமெல்லாம் அடக்குவதிலேயே போய்விடுகிறது, பாடம் ஏறுவதில்லை, வீட்டுக்கு வந்ததும் சுருண்டு விழுகிறோம் என்கிறார்கள். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பதையே ஒழுக்கமாக வைத்திருக்கும் வகுப்பறையில் இந்தக் குழந்தைக்கு நாம் செய்வது கொடுமை. தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் போகும் பணத்தையும் பதற்றத்தையும் நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காத்து கருப்பு எதுவும் அந்தக் கையில் இல்லை. ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் கணக்கெடுத்தபோது ஆட்டிச ஆராய்ச்சி நிதியில் பாதிக்கு மேல் உயிரியலுக்கும் மூளைக்கும் போயிருந்தது, அன்றாட வாழ்க்கைக்கு உதவும் ஆய்வுகளுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். நம் ஊரில் தமிழ் பேசும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்க ஒரு சிறு தொகை ஒதுக்கினால்கூடப் போதும், மரபணு ஆய்வுக்கு ஆகும் செலவில் ஒரு துளி ஆகாது.

ஓர் எச்சரிக்கை உண்டு. தலையைச் சுவரில் மோதுவது, கையை ரத்தம் வரக் கடிப்பது போன்றவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. திடீரென்று தொடங்கினால் முதலில் பல்லையும் காதையும் வயிற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதை இப்படித்தான் காட்டும். வலி இல்லையென்றால் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, சத்தமா, கூட்டமா, புது இடமா என்று சில நாள் குறித்து வாருங்கள். அப்புறம் அதே அழுத்தத்தைக் காயமில்லாமல் தரும் வேறொன்றைக் கையில் கொடுங்கள்: கடிக்க ஒரு ரப்பர் வளையம், இறுகச் சுற்றிக்கொள்ள ஒரு கனமான போர்வை. எது பிடிக்கிறது என்பதை அவனே காட்டிவிடுவான்.