ஏற்றத்தில் உடல் சுடும், இறக்கத்தில் பிரேக் சுடும்

வட தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 58 கி.மீ. தொலைவில் சோம் தோங் என்ற ஊர் இருக்கிறது. நாட்டின் மிக உயரமான மலையாகிய டோய் இந்தனோனுக்குப் போகும் 1009 ஆம் எண் சாலை அதன் அருகில்தான் பிரிகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் தொடங்கும் அந்தச் சாலை, 48 கி.மீ. வளைந்து வளைந்து ஏறி, 2,565 மீட்டர் உயரமுள்ள உச்சியை ஒட்டி முடிகிறது. மிதிவண்டிச் சுற்றுலாவாக வருபவர்களை வழிகாட்டி இங்கே பொழுது புலரும் முன்பே எழுப்பிவிடுகிறார். விடுமுறைக்கு வந்த இடத்திலும் தூங்க விடவில்லையே, மலை எங்கேயாவது ஓடியா போய்விடும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. மலை ஓடாது, ஆனால் காற்றின் குளிர்ச்சி ஓடிவிடும். வழிகாட்டியின் அன்றைய திட்டம் முழுவதும் ஒரு வெப்பக் கணக்கு.

வண்டி, தண்ணீர்ப் புட்டிகள், கைப்பை எல்லாம் சேர்த்து ஒருவரின் எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையைச் சோம் தோங்கிலிருந்து உச்சிவரை, அதாவது 2,250 மீட்டர் உயர்த்துவதற்குத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 18 லட்சம் ஜூல். உணவுக் கணக்கில் சொன்னால் 420 கிலோ கலோரி. ஏழெட்டு இட்லிக்குள் அடங்கிவிடும். டயர் சாலையில் உருளும்போது இழப்பதையும் காற்றைத் தள்ளுவதற்கான செலவையும் சேர்த்தாலும் 20 லட்சம் ஜூலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இவ்வளவு எளிது என்றால் உச்சியில் போய் நிற்பவர்கள் ஏன் பேச்சின்றிக் கிடக்கிறார்கள்?

தசை ஒரு சிக்கனமான எந்திரமன்று என்பதே காரணம். மிதிக்கும்போது உடல் எரிக்கும் உணவாற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. 22 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், பெடலில் 20 லட்சம் ஜூல் கிடைக்க உடல் 90 லட்சத்துக்கு மேல் எரிக்க வேண்டும். மீதி 70 லட்சம் ஜூல் வெறும் வெப்பமாக உடலுக்குள்ளேயே பிறக்கிறது. மலையேற்றத்தில் முதன்மை விளைபொருள் வெப்பம்தான், உயரம் அதன் உபரி என்று சொன்னாலும் தவறில்லை.

ஒருவரால் தொடர்ந்து எவ்வளவு வாட் திறனில் மிதிக்க முடியும் என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சியாங் மாய் நகரின் மேற்கு எல்லையிலேயே டோய் சுதேப் மலைக் கோயிலுக்கான சாலை இருக்கிறது. குருபா சிவிச்சாய் என்ற பௌத்தத் துறவியின் தலைமையில் ஊர் மக்கள் கையுழைப்பாக வெட்டி 1935 இல் முடித்த சாலை அது. சுமார் 11 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 700 மீட்டர் உயர்வது, முதல் நாள் உடலைச் சோதித்துப் பார்க்க வாகானது. நம் 80 கிலோ கணக்குக்காரர் அதை 67 நிமிடத்தில் ஏறினால் அவர் சராசரியாக 150 வாட் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அந்த ஓட்டத்தை விடாமல் வைத்துக்கொண்டால் டோய் இந்தனோனுக்கு ஏறக்குறைய 3 மணி 50 நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் அவர் உடலுக்குள் 530 வாட் அளவில் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கும். சட்டைக்குள் ஒரு சிறிய மின்னடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறுவது போன்றது.

இந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவதுதான். தோலிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 24 லட்சம் ஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே 530 வாட்டை ஈடுகட்ட மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாக வேண்டும். வியர்வை சுரந்தால் மட்டும் போதாது. மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரில் சொட்டும் துளி தன் பங்குக் குளிர்ச்சியைத் தராமலே உடலை விட்டுப் போய்விடுகிறது. சமதளத்தில் மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் போகும்போது தானாகவே ஒரு காற்று கிடைக்கிறது; ஏற்றத்தில் வேகம் 10 கி.மீ. ஆகிவிட, பின்னாலிருந்து மெல்லிய காற்று வீசினாலே அதுவும் நின்றுபோகிறது.

இந்த இடத்தில் ஈரப்பதம் என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. வியர்வை உலருமா என்பதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரப்பதச் சதவீதம் மட்டுமன்று. தோலின் மேல் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு. 35 டிகிரி செல்சியஸில் நனைந்திருக்கும் தோலின் மேல் அந்த அழுத்தம் 5.6 கிலோ பாஸ்கல். பள்ளத்தாக்கில் காற்று 32 டிகிரியாகவும் ஈரப்பதம் 70 சதவீதமாகவும் இருந்தால் காற்றின் பக்கம் 3.3 இருக்கும், வேறுபாடு 2.3 மட்டுமே. உச்சிக்கு அருகில் மேகத்துக்குள் நுழைந்துவிட்டோம், 15 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு நூறு என்றால் எதுவும் உலராது என்றுதான் தோன்றும். ஆனால் 15 டிகிரிக் காற்றால் தாங்க முடிந்த நீராவியே குறைவு. அங்கே அழுத்தம் 1.7 தான். வேறுபாடு 3.9 ஆகிறது. மரங்களில் பாசி தொங்க, கண்ணாடியில் பனிநீர் படிய, அந்த மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருப்பவரின் வியர்வை, கீழே வெயிலில் வியர்த்ததைவிட விரைவாக ஆவியாகிறது. விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைக் கடந்துவிடச் சொல்வதன் முழுக் காரணமும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

வெப்பம் வெளியேறாவிட்டால் இதயம்தான் முதலில் விலை கொடுக்கிறது. தோலைக் குளிர்விக்க ஒரு பங்கு இரத்தம் திருப்பிவிடப்படுகிறது, வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு சிறுத்து, அதே 150 வாட்டுக்கு இதயம் முன்பைவிட வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. கருப்புக் கால்சட்டையில் வெள்ளைக் கோடுகளாக உப்புப் படிந்தவருக்கு வழிகாட்டி வெறும் தண்ணீரை நீட்டுவதில்லை. உப்பு கலந்த பானத்தைக் கொடுக்கிறார். சோடியம் போன பிறகு நீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது இரத்தத்தை மேலும் நீர்த்துப்போகச் செய்யும்.

பின்னால் வரும் வேனில் பனிக்கட்டி இருக்கும். அதைத் துணியில் முடிந்து பிடரியில் வைத்தால் சொர்க்கம் என்பதில் ஐயமில்லை; ஆனால் கணக்கு வேறு. அரைக் கிலோ பனிக்கட்டி உருகி உடல் வெப்பநிலைக்கு வரும்போது சுமார் 2.45 லட்சம் ஜூலை உறிஞ்சும். நம் ஆளின் உடலில் எட்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் பிறக்கும் வெப்பம் அது. அதே அரைக் கிலோ நீர் வியர்வையாகி முழுதும் ஆவியானால் 38 நிமிட வெப்பம் போய்விடும்.

சாய்வின் கொடுமைக்கு வருவோம். இதே வட தாய்லாந்தின் மலைகளில் ஓடும் 1095 ஆம் எண் சாலையில் பாய் என்ற ஊர் வரை 762 வளைவுகள் என்று கணக்குச் சொல்லி, அந்த எண்ணைச் சட்டைகளில் அச்சிட்டும் விற்கிறார்கள். மிதிப்பவருக்கு வளைவின் எண்ணிக்கையைவிட அதன் உள்விளிம்பு முக்கியம். கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஏறும் உயரம் ஒன்றே. உள்விளிம்பின் நீளம் குறைவு என்பதால் சாய்வு அங்கே கூடிவிடுகிறது. தாய்லாந்தில் சாலையின் இடப்பக்கம் போக வேண்டும் என்பதால், இடப்புறம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் நமக்கு வாய்ப்பது அந்தச் செங்குத்தான விளிம்புதான்.

6 சதவீதச் சாய்வில் 150 வாட் நம்மை மணிக்கு 10.6 கி.மீ. வேகத்தில் கொண்டுபோகும். 15 சதவீதத்தில் அது 4.5 கி.மீ. ஆகிவிடும், நடப்பவர் முந்திவிடுவார், வண்டியும் தள்ளாடும். முன்பல்சக்கரத்திலும் பின்பல்சக்கரத்திலும் சம எண்ணிக்கையில் பற்கள் இருந்தால், அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 36 முறைதான் சுற்றும்; ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 24 கிலோ எடைக்கு நிகரான விசையைக் கால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலுக்கு இது நல்லதன்று. பின்னால் இன்னும் பெரிய பல்சக்கரத்தைப் போட்டுத்தரச் சொல்லிக் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டியதில்லை. இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவதால் காற்றுத் தடையில் மிச்சமாவதும் ஒன்றுமில்லை. அதனால்தான் சமதளத்தில் ஒரே கொத்தாக வந்த அணி, ஏற்றம் தொடங்கியதும் மணிமாலை அறுந்தது போலச் சிதறிவிடுகிறது.

உணவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மணிக்குச் செலவாவது 580 கிலோ கலோரி. குடல் ஒரு மணி நேரத்தில் உள்வாங்கும் குளுக்கோஸ் 60 கிராம் அளவு, அதாவது 240 கிலோ கலோரி. இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் இனிப்பு நீரும் அதைத் தந்துவிடும். மீதி தசையின் சேமிப்பிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வர வேண்டும். காலையில் மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றை விட்டுவிடக் கூடாது. அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை மிகக் குறைவு, கிளைத்த அமைப்புடைய அமைலோபெக்டின்தான் நிறைந்திருக்கிறது. விரலில் ஒட்டிக்கொள்வதும் விரைவில் செரித்துச் சர்க்கரையாவதும் அதனால்தான்.

காலத்தையும் வெப்பமும் புகையுமே முடிவு செய்கின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல பருவம். பிப்ரவரிக்குப் பின் வயல்களிலும் காடுகளிலும் மூட்டப்படும் தீயின் புகையை, மேலே படியும் வெப்பக் காற்று ஒரு மூடி போல அடைத்துப் பள்ளத்தாக்கிலேயே தேக்கிவைக்கிறது. மணிக்கணக்கில் மூச்சிரைத்து அதை உள்ளே இழுப்பது அறிவுடைமையன்று.

உச்சிக்குச் சில கிலோமீட்டர் முன், அப்போதைய மன்னர் பூமிபோலின் 60 ஆம் பிறந்தநாளை ஒட்டி ஒன்றும் அரசி சிறிகித்தின் 60 ஆம் பிறந்தநாளை ஒட்டி ஒன்றுமாக எழுப்பப்பட்ட இரண்டு தூபிகள் நிற்கின்றன. அங்கே வருவதற்குள் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்காகிவிடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய உடலின் உச்சத் திறன் பத்துச் சதவீதத்துக்கு மேல் சரிகிறது. சாலையும் தன் கடைசிப் பகுதியில்தான் மிகவும் செங்குத்தாகிறது.

ஏறுவதில் தேடிய 18 லட்சம் ஜூலும் இறங்கும்போது திரும்ப வந்தாக வேண்டும். அதைக் காற்றுக்குக் கொடுக்கலாம், அல்லது பிரேக்குக்குக் கொடுக்கலாம். சொல்லிக்கொள்ளும்படியான மூன்றாவது வழி இல்லை. 10 சதவீதச் சாய்வில் பிரேக்கைத் தொடாமல் விட்டால் வேகம் மணிக்கு 66 கி.மீ. வரை போய், அங்கே காற்றுத் தடையும் ஈர்ப்பு விசையும் சமமாகி நின்றுவிடும். 10 கி.மீ. வேகத்திலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் பிரேக்குகளில் சேரும் வெப்பம் 200 வாட். 60 கி.மீ. வேகத்தில் போனால் பெரும்பங்கைக் காற்றே எடுத்துக்கொள்வதால் அப்போதும் ஏறக்குறைய அதே 200 வாட்தான். இடையில் 38 கி.மீ. வேகத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு வருபவரின் பிரேக்குகளில் 520 வாட் கொட்டுகிறது. அச்சத்தோடும் அரைத் துணிச்சலோடும் இறங்குபவர் தானாகவே தேர்ந்துகொள்ளும் வேகம் பெரும்பாலும் அதுதான் என்பது இயற்பியலின் குறும்பு.

டிஸ்க் பிரேக்கின் எஃகுத் தட்டு 120 கிராம் இருந்தால் அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 60 ஜூல் போதும். 520 வாட்டில் பாதி ஒரு தட்டுக்கு வந்தால், காற்று குளிர்விக்காத நிலையில் ஒவ்வொரு நொடிக்கும் 4 டிகிரிக்கு மேல் ஏறும். அப்படி ஒருவர் வந்து நின்றதும் தட்டில் ஒரு சொட்டு நீர் விட்டால் சுர்ரென்று சீறி மறைந்துவிடும்; வழிகாட்டி அதைத் தொடுவதில்லை, புறங்கையை ஓரங்குல தூரத்தில் காட்டிப் பார்த்து, இரண்டு நிமிடம் நில்லுங்கள் என்கிறார். சக்கர வளையத்தையே கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் அலுமினிய வளையம் பெரியது என்பதால் மெதுவாகச் சூடேறும். ஆனால் அந்தச் சூடு டியூபுக்கு அருகிலேயே தங்கும். கார்பன் வளையத்தில் இழைகளைப் பிணைக்கும் பிசினே இளகக்கூடும் என்பதால் இந்த மலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே வழிகாட்டி சொல்லும் முறை இது: பார்வைக்குத் தெரியும் நேர்ச்சாலையில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்து காற்றைத் தடையாக ஏற்றுக்கொள்ள வேண்டும், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சில நொடிகள் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். அழுத்தாத நொடிகளில்தான் தட்டு குளிரும்.

இதற்கிடையில் உடலின் நிலை தலைகீழாகிறது. மிதிப்பது நின்றதும் 530 வாட் அடுப்பு அணைந்துவிடுகிறது. நனைந்த சட்டையின் மேல் 50 கி.மீ. வேகக் காற்று அடிக்க, ஏற்றத்தில் வராதா என்று ஏங்கிய அதே ஆவியாதல் இப்போது வேண்டாத விருந்தாளியாகிறது. உச்சியில் 12 டிகிரி இருந்தால் விரல்கள் விறைத்து, பிரேக் பிடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகும். வேன் முதலில் உச்சிக்குப் போய், உலர்ந்த சட்டையும் காற்றுப் புகாத மேலங்கியும் முழு விரல் கையுறையும் வைத்துக்கொண்டு காத்திருப்பது அதற்காகத்தான். கீழே இறங்க இறங்க ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறரை டிகிரி வீதம் காற்று சூடாகிறது. பாதி வழியில் கையுறையும், சோம் தோங் நெருங்கும்போது மேலங்கியும் கழன்று மறுபடியும் வேனுக்குள் போய்விடுகின்றன.