கடவுளிடம் கேட்ட மன்னிப்பு போதுமா?

"கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன் மேடம். மனசு லேசாயிடுச்சு."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி, கையிலிருந்த டோக்கன் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தார். இரண்டாக, நான்காக, எட்டாக. இனி மடிக்க முடியாது என்றானதும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து. மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணம் முழுவதையும் கணவர் பங்குச்சந்தையில் விட்டிருக்கிறார். இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. விஷயம் வெளியே வந்தபின் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரப் பிரார்த்தனை. அவருக்குத் தூக்கம் திரும்பிவிட்டது. மனைவிக்கு இன்னும் வரவில்லை.

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குடும்ப ஆலோசகராக இந்தப் பேச்சைப் பலரிடம் கேட்டுவிட்டேன். கை நீட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், கூடப் பிறந்தவரைச் சொத்தில் ஏமாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சில வீடுகளில் பேச்சு இன்னும் ஒரு படி போகும்: "கடவுளே மன்னிச்சுட்டார், உனக்கு என்ன?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் அடிபட்டவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதாகிவிடுகிறது. எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. அடி தொடரும் வீட்டில் மன்னிப்பைப் பற்றிப் பேசவே கூடாது. அடி வாங்குபவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதுதான் முதலில்.

ஆனாலும் அந்தக் கணவரை வேஷதாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்தி பொய்யில்லை. பக்தி உண்மையாக இருக்கும்போதே எதிரில் இருப்பவரின் வலி கண்ணில் படாமல் போகலாம். உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறையியல் மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒவ்வொருவரும் சின்ன உரை ஒன்று ஆற்ற வேண்டும். போகும் வழியில் ஒருவர் சரிந்து உட்கார்ந்து, இருமி முனகிக்கொண்டிருப்பார். ஆய்வுக்காக உட்கார வைக்கப்பட்டவர். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் போனவர்களில் 45. நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இதில் சிலர் பேசப் போன விஷயமே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதை. அந்தக் கதையை மனதில் வைத்திருந்தது உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

குற்றவுணர்வு காரணமில்லாமல் வருவதில்லை. யாருக்குச் சேதம் செய்தோமோ அவரிடம் நம்மைத் திருப்பி அனுப்பத்தான் வருகிறது. உளவியலாளர் ஜூன் டேங்னி இதை வெட்கத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறார். 'தப்பு செய்துவிட்டேன்' என்று நினைப்பவர் சரிசெய்யப் பார்க்கிறார். 'நானே தப்பானவன்' என்று நினைப்பவர் ஒளியப் பார்க்கிறார். இந்தக் கணவருக்குப் பிரார்த்தனை ஒளிந்துகொள்ள ஓர் அறையாக ஆகியிருந்தது. உள்ளே அமைதி, வெளியே எதுவும் மாறவில்லை.

இதைச் சொன்னால் "நம்பிக்கையைக் குறை சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. மதங்களே இதை எப்போதோ சொல்லிவிட்டன. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு நற்செய்தி. யூத மரபில் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள், சக மனிதனுக்குச் செய்த பிழையை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது. சக மனிதனின் உரிமையைப் பறித்திருந்தால் தவ்பாவோடு, அதாவது இறைவனிடம் பாவமன்னிப்பு கேட்பதோடு, நிற்காமல் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது இஸ்லாம். சமணர்கள் சம்வத்சரி என்ற மன்னிப்புத் திருநாளன்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு கேட்கிறார்கள். வசதிக்காக இந்தப் பகுதியைத் தாண்டிப் போவது நாம்தான்.

நேர் எதிரான சிலரும் வருவதுண்டு. ஒரு தவறும் செய்திராத இளம்பெண், மனதில் தானாக வந்த கெட்ட எண்ணத்துக்காக ஒரே பிரார்த்தனையை நாற்பது தடவை சொல்வார். ஒரு சொல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் அதைப் பக்தி என்று பெருமைப்படுவார்கள். அது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கென்றே உள்ள நடத்தைச் சிகிச்சையும் மருந்தும் நன்றாகப் பலன் தருகின்றன.

சரி, அந்தத் தம்பதிக்கு வருகிறேன். அடுத்த அமர்வில் கணவரை என் பக்கமிருந்து மனைவியின் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். என்ன செய்தார், எவ்வளவு போனது, எந்தெந்த நாளில் என்ன பொய் சொன்னார் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் 'ஆனா' வரக் கூடாது. இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் நிறுத்தினேன். முடிக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது.

மனைவி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "மன்னிச்சேன்னு இப்போ சொல்ல முடியாது. மாசாமாசம் பேங்க் கணக்கைக் காட்டுங்க" என்றார்.

போன வாரம் ஆறாவது மாதக் கணக்கோடு வந்திருந்தார்கள். விடியற்காலைப் பிரார்த்தனையும் நடக்கிறதாம். மன்னிப்பைப் பற்றி மனைவி இன்னும் எதுவும் சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை.