நடக்கத் தடுமாறும் கால் பெடலை மிதிப்பது எப்படி?

"பார்கின்சன் நோய் உள்ள ஒருவர் நிதி திரட்ட சைக்கிள் பயணம் போகிறாராம். பத்தடி நடக்கவே தடுமாறும் ஆள் எப்படி ஓட்டுவார்? சும்மா விளம்பரம்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சந்தேகம் நியாயமானது, ஆனால் விளம்பரம் இல்லை.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். நடுமூளையில், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்லச் சாகின்றன, கணிசமான பங்கு போன பிறகே நடுக்கமும் விறைப்பும் மந்தமும் வெளியே தெரியும். லெவோடோபா மாத்திரை குறையை ஓரளவு ஈடுகட்டும், அணுக்கள் சாவதை நிறுத்தாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

2010-இல் நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர்கள் 58 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பத்து வருடமாகப் பார்கின்சன். சில எட்டு வைப்பதற்குள் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல உறைந்துவிடும், விழுந்துவிடுவார். அதே மனிதர் சைக்கிளில் ஏறியதும் ஜோராக ஓட்டிப்போய்த் திரும்பியும் வந்தார். இறங்கினாரோ இல்லையோ, மறுபடி உறைந்துவிட்டார்!

நடை தானாக நடக்கிற காரியமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பின் பாரம் ஒரு காலுக்கு மாற வேண்டும், மற்ற கால் விடுபட வேண்டும், அடுத்த எட்டு எப்போது என்கிற தாளத்தை மூளை உள்ளுக்குள்ளேயே போட வேண்டும். அந்தத் தாளத்தில் பெரும்பங்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்கிலியாவுக்கு, டோபமைன் குறைந்தால் திணறுவதும் அதுதான். சைக்கிளில் பாரத்தை சீட் தாங்கிக்கொள்கிறது. இரண்டு பெடலும் ஒரே அச்சில் எதிரெதிராகப் பூட்டியவை, வலது கால் அழுத்தினால் இடது கால் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் மேலே வந்தே தீரும், வந்ததும் பாதத்தில் படும் அழுத்தமே 'இப்போது உன் முறை' என்று சொல்லிவிடும். தாளம் வெளியிலிருந்து வருகிறது. அதனால் பழுதான பாதையைச் சுற்றிக்கொண்டு சிறுமூளை வழியாக வேறு பாதை கைகொடுக்கிறது என்று கருதுகிறார்கள். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் உறைந்த கால் சட்டென்று தாண்டி நடப்பதும் இதே சங்கதிதான்.

இன்னொன்று. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே ஆல்பர்ட்ஸ், அயோவா மாநிலத்தைக் கடக்கும் சைக்கிள் பயணத்தில் பார்கின்சன் உள்ள தோழியோடு இருவர் மிதிக்கும் சைக்கிளில் போனார். முன்னால் இருப்பவர் வேகமாக மிதித்தால் பின்னால் இருப்பவரின் காலும் அதே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வழியில் தோழியின் கையெழுத்து தெளிவானது. மிதித்தது கால், தேறியது கை! 2009-இல் ஆல்பர்ட்ஸின் குழு பத்து நோயாளிகளிடம் எட்டு வாரம் இதைச் சோதித்தது. தாமாக மிதிக்கும் வேகத்தைவிட 30 சதவீதம் வேகமாக மிதிக்க வைக்கப்பட்டவர்களின் அசைவு மதிப்பெண் 35 சதவீதம் மேம்பட்டது. பத்துப் பேர் மிகச் சிறிய கூட்டம், அதை வைத்துக் கொண்டாட முடியாது. அப்புறம் 2019-இல் நெதர்லாந்தில் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. வீட்டிலேயே நிலையான சைக்கிளை ஆறு மாதம் மிதித்தவர்களுக்கு, வெறும் தசை நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட அசைவுக் குறைபாடு குறைவாகவே மோசமானது. குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்கிறவர் தைலமும் விற்பார், ஜாக்கிரதை.

நிதி திரட்டுவதை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெடல் மிதிப்பதற்குக் காப்புரிமை வாங்க முடியாது, எந்த மருந்து நிறுவனம் இந்த ஆய்வுக்குப் பணம் போடும்? அரசுப் பணமும் நன்கொடையும்தான் கதி. டூர் டி பிரான்சில் பந்தயக் கட்டங்களை வென்ற டேவிஸ் ஃபின்னிக்கு 40 வயதில் பார்கின்சன் என்று தெரிந்தது, 2004-இல் தன் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். அவரைப் போன்றவர்கள் திரட்டுகிற பணம் வெறும் அனுதாபக் காசு அல்ல.

பயணம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒன்று: ஆபத்து ஓட்டும்போது குறைவு, நிற்கும்போதுதான் அதிகம். பிரேக் பிடித்ததும் பாதம் தரைக்கு வர மறுத்தால் சைக்கிளோடு சாய வேண்டியதுதான். மூன்று சக்கரம் வைத்த சைக்கிள் நல்லது, மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்குள் ஓட்டத்தை முடிப்பது இன்னும் நல்லது. முடிவுக் கோட்டில் கைதட்ட நிற்பவர்களில் இரண்டு பேர் முதலில் போய் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.